நூறு குழி என்றால் எத்தனை சென்ட்?

உத்தமபாளையம் பக்கத்தில் ஒரு விவசாயி நூறு குழி நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நெல் நட்டார். களைக்கொல்லி எவ்வளவு போடலாம் என்று கும்பகோணம் பக்கத்தில் விவசாயம் செய்யும் மைத்துனரிடம் போனில் கேட்டார். "நூறு குழிக்கு 330 மில்லி போதும் மாப்ளே, நாங்க வருஷா வருஷம் அதுதான் போடுறோம்" என்றார் அவர். இவரும் அப்படியே மணலில் கலந்து தூவினார். இருபது நாளில் வயல் முழுக்கக் களை. மருந்து போலி என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போய்விட்டார். ஆள் விட்டுக் களையெடுத்த செலவு தனி.

வயலைப் பார்க்கப் போனபோது நாடா பிடித்து அளந்தோம். 59 சென்ட்டுக்குச் சற்றுக் குறைவாக வந்தது. மைத்துனர் சொன்ன நூறு குழி 33 சென்ட். மருந்து போலி இல்லை, மைத்துனர் சொன்ன அளவும் தவறில்லை. இரண்டு ஊரிலும் 'குழி' என்ற பெயர் ஒன்று, நிலத்தின் அளவு வேறு. இவர் வயலுக்கு 590 மில்லி தேவைப்பட்டது. போட்டது அதில் பாதியைச் சற்றுத் தாண்டியது, அவ்வளவுதான்.

இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். நிலத்தின் பரப்பு எல்லாக் கணக்குக்கும் அடிப்படை. விதை, உரம், மருந்து, குத்தகை, கூலி, மகசூல், காப்பீடு, மானியம் எல்லாமே அதன்மேல்தான் நிற்கின்றன.

இப்போது ஏன் இதைப் பேச வேண்டும்?

விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் வழங்கும் பணி நடந்து வருகிறது. ஆதாரோடு உங்கள் பெயரிலுள்ள சர்வே எண்களும் பரப்பும் இணைக்கப்படுகின்றன. எந்தப் புல எண்ணில் என்ன பயிர், எவ்வளவு பரப்பில் என்பதைச் செல்போனில் பதிவு செய்யும் மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்பும் வந்துவிட்டது. 2024 நவம்பரில் இந்தக் கணக்கெடுப்புக்கு வேளாண் கல்லூரி மாணவர்கள் வயலுக்கு வந்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள்.

இதுவரை நம் வாயில் இருந்த கணக்கு ஒன்று, காகிதத்தில் இருந்த கணக்கு வேறு. இரண்டும் சந்திக்காமலே காலம் ஓடியது. இனி கணினியில் ஏறும் பரப்பை வைத்துத்தான் பல திட்டங்கள் உங்களுக்கு வரும். அதில் எழுதியிருப்பது உங்கள் வயல்தானா என்று சரிபார்க்க வேண்டியவர் நீங்கள். அதற்கு உங்கள் குழியை எக்டேராகவும், பட்டாவில் உள்ள எக்டேரைக் குழியாகவும் மாற்றத் தெரிந்திருக்க வேண்டும்.

குழி என்பது கோலின் அளவு

குழி என்பது ஒரு கோல் நீளம், ஒரு கோல் அகலம் உள்ள சதுரம். ஆகவே கோல் எத்தனை அடி என்று தெரியாமல் குழி எவ்வளவு என்று சொல்ல முடியாது. தஞ்சாவூர்ப் பகுதியில் 12 அடிக் கோல். அங்கே ஒரு குழி 144 சதுர அடி. செங்கல்பட்டுப் பகுதியில் 24 அடிக் கோல்; ஒரு குழி 576 சதுர அடி, அதாவது தஞ்சைக் குழியைப் போல நான்கு மடங்கு. கோலின் நீளம் இரண்டு மடங்கானால் குழியின் பரப்பு நான்கு மடங்காகிறது. பலரும் தவறுவது இந்த இடத்தில்தான்.

உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் "நம்ம ஊர்க் கோல் எத்தனை அடி?" என்று கேளுங்கள். பதில் கிடைத்ததும் கீழே உள்ள கணக்கில் பொருத்திப் பாருங்கள்.

10 அடிக் கோல்: ஒரு குழி 100 சதுர அடி, நூறு குழி 23 சென்ட்.
12 அடிக் கோல்: ஒரு குழி 144 சதுர அடி, நூறு குழி 33 சென்ட்.
14 அடிக் கோல்: ஒரு குழி 196 சதுர அடி, நூறு குழி 45 சென்ட்.
16 அடிக் கோல்: ஒரு குழி 256 சதுர அடி, நூறு குழி 58.8 சென்ட்.
18 அடிக் கோல்: ஒரு குழி 324 சதுர அடி, நூறு குழி 74.4 சென்ட்.
24 அடிக் கோல்: ஒரு குழி 576 சதுர அடி, நூறு குழி 132 சென்ட்.

கோலின் நீளம் யாருக்கும் நினைவில்லை என்றாலும் வழியுண்டு. ஊரில் எல்லோரும் 'இது நூறு குழி' என்று ஒப்புக்கொள்ளும் ஒரு வயலை அளந்து, சதுர அடியை நூறால் வகுங்கள். வரும் எண்தான் உங்கள் ஊர்க் குழி. நாங்கள் அளந்த வயல் 16 அடிக் கோல் கணக்கில் பொருந்தியது.

மா, வேலி, காணி

தஞ்சைக் கணக்கில் நூறு குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. ஒரு மா 14,400 சதுர அடி, அதாவது 33 சென்ட். மூன்று மா ஏறத்தாழ ஓர் ஏக்கர். ஒரு வேலி 6.6 ஏக்கர். செங்கல்பட்டுக் கணக்கில் 24 அடிக் கோலில் நூறு குழி ஒரு காணி. அது 57,600 சதுர அடி, 1.32 ஏக்கர்.

'மா' என்ற சொல்லின் பொருளைக் கவனியுங்கள். பழைய தமிழ்க் கணக்கில் மா என்றால் இருபதில் ஒரு பங்கு. காணி எண்பதில் ஒரு பங்கு. முந்திரி 320-ல் ஒரு பங்கு. வேலியின் இருபதில் ஒரு பங்கு என்பதால்தான் அது மா. முதலாம் ராஜராஜன் காலத்தில், கி.பி. 1001 வாக்கில், சோழ நாட்டு நிலங்கள் அளக்கப்பட்டபோது வேலியை இப்படி நுணுக்கமான பின்னங்களாகப் பிரித்தே கணக்கெழுதினார்கள். நம் முன்னோர் கணக்கில் பிழை எதுவும் இல்லை. ஆளுக்கொரு கோல் இருந்ததும், காலப்போக்கில் கோல் மறைந்து பெயர் மட்டும் நின்றதும்தான் சிக்கல். காணி என்ற பெயரையே பாருங்கள். வேலியின் எண்பதில் ஒரு பங்கு என்று கொண்டால் அது கால் மா. செங்கல்பட்டுக் காணியோ நான்கு மா. ஒரே பெயரில் 16 மடங்கு வித்தியாசம்.

இது நமக்கு மட்டும் உள்ள தொல்லை இல்லை. வட இந்தியாவின் 'பிகா' மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மேற்கு வங்கத்தில் ஒரு பிகா 14,400 சதுர அடி. நம் தஞ்சை மாவுக்கு அச்சாகச் சமம். ராஜஸ்தானின் பெரிய பிகா 27,225 சதுர அடி. யாழ்ப்பாணத்தில் நிலத்தைப் பரப்புக் கணக்கில் சொல்வார்கள். 16 பரப்பு ஓர் ஏக்கர். அங்கே பழைய உறுதிகளில் வரகு விதைப்பா, நெல் விதைப்பா என்று சேர்த்தே எழுதியிருப்பார்கள். விதைக்கும் பயிர் மாறினால் அளவும் மாறும் என்பதால் அந்தக் குறிப்பு. அளவின் பெயரோடு எந்த அளவு என்பதையும் எழுதி வைக்கும் அந்தப் பழக்கம் நாமும் பின்பற்றத் தக்கது.

சென்ட், ஏக்கர், ஏர், எக்டேர்

1620-ல் எட்மண்ட் குண்டர் என்ற ஆங்கிலேயர் 66 அடி நீளச் சங்கிலியை வகுத்தார். அதில் நூறு கண்ணிகள். அந்தச் சங்கிலியில் பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். அதுதான் 43,560 சதுர அடி என்ற ஒழுங்கில்லாத எண்ணுக்குக் காரணம். அதில் நூறில் ஒரு பங்கு சென்ட், 435.6 சதுர அடி. ஏக்கரும் ஒரு காலத்தில் குழியைப் போல வழக்கு அளவுதான். ஒரு ஏர் மாடு ஒரு நாளில் உழும் நிலம் என்பதே அதன் தொடக்கம். சங்கிலி ஒன்றாக நிலைத்ததால் ஏக்கரும் நிலைத்தது.

1956-ல் மெட்ரிக் அளவுகளுக்கான சட்டம் வந்தது. தமிழகத்தில் 1979-ல் தொடங்கிய நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், நாம் யு.டி.ஆர். என்று சொல்வதில், பட்டாக்கள் எக்டேர் - ஏர் கணக்குக்கு வந்தன. ஓர் ஏர் 100 சதுர மீட்டர், 2.47 சென்ட். நூறு ஏர் ஓர் எக்டேர், 2.47 ஏக்கர். ஓர் ஏக்கர் 40.47 ஏர்.

பட்டாவைப் படிப்பதில் நடக்கும் தவறு

பட்டாவில் நன்செய், புன்செய் என்ற தலைப்புகளின் கீழ் '0 - 40.50' என்று இருக்கும். இதைப் பலர் நாற்பதரை சென்ட் என்று படிக்கிறார்கள். தவறு. அது 40.50 ஏர், ஒரு முழு ஏக்கர். அதேபோல் '1 - 20.00' என்றால் ஓர் ஏக்கர் 20 சென்ட் இல்லை. ஓர் எக்டேர் 20 ஏர், 2.97 ஏக்கர்.

இந்த வேறுபாடு உங்கள் தகுதியையே மாற்றும். வேளாண் கணக்கெடுப்பில் ஓர் எக்டேருக்குக் கீழ் நிலமுள்ளவர் குறு விவசாயி. ஒன்று முதல் இரண்டு எக்டேர் வரை சிறு விவசாயி. பிரதமரின் கிசான் நிதித் திட்டம் 2019-ல் தொடங்கியபோது 2 எக்டேர் வரை உள்ளவர்களுக்கே என்று இருந்தது. பின்னர்தான் அந்த வரம்பு நீக்கப்பட்டது. பயிர்க் காப்பீட்டில் நீங்கள் கட்டும் பிரீமியம், காரீப் பருவ உணவுப் பயிர்களுக்கு 2 சதவீதம், ராபி பருவத்துக்கு 1.5 சதவீதம், தோட்டக்கலை மற்றும் பணப் பயிர்களுக்கு 5 சதவீதம் வரை. இதெல்லாம் பரப்பை வைத்துக் கணக்கிடும் தொகையின் மேல் வருவது. பதிவு செய்த பரப்பு குறைந்தால் இழப்பீடும் குறையும். கூடினால், அடங்கலோடு ஒத்துப்போகாமல் விண்ணப்பமே நிற்கும்.

கூட்டுப் பட்டா வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அண்ணன் தம்பி மூவர் பெயரில் உள்ள பட்டாவில் மொத்தப் பரப்புதான் இருக்கும். உங்கள் பங்கு 'இருநூறு குழி' என்று பாகப்பிரிவினைப் பத்திரத்தில் இருக்கலாம். அந்த இருநூறு குழி எத்தனை ஏர் என்று கணக்கிட்டு, உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்குங்கள். இன்று அண்ணன் தம்பிகளுக்குள் வாய்ச்சொல்லில் தீரும் விஷயம், அடுத்த தலைமுறையில் நீதிமன்றம் வரை போகும்.

வயலில் ஏற்படும் நஷ்டம்

உரத்தில் இருந்து தொடங்குவோம். நம் பகுதிக்குக் குறுகிய கால நெல் ரகத்துக்குப் பரிந்துரை எக்டேருக்கு 120:40:40 கிலோ தழை, மணி, சாம்பல் சத்து. தழைச்சத்து முழுவதையும் யூரியாவாகவே இட்டால் எக்டேருக்கு 261 கிலோ. ஏக்கருக்கு 105 கிலோ. 33 சென்ட் மாவுக்கு 35 கிலோ, 58.8 சென்ட் நூறு குழிக்கு 62 கிலோ. டி.ஏ.பி. இட்டால் அதிலுள்ள தழைச்சத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

58.8 சென்ட் வயலை 'ஏக்கர்தான்' என்று நினைத்து 105 கிலோ இட்டால் 43 கிலோ கூடுதல். ஏறத்தாழ ஒரு மூட்டை. அந்த மூட்டை விலையோடு போகாது. தழைச்சத்து கூடிய வயலில் பயிர் கரும்பச்சையாக நிற்கும். பார்க்க அழகாக இருக்கும். பின்னாலேயே குலைநோயும் புகையானும் வரும், கதிர் முற்றும் நேரத்தில் சாயும். அதற்கு மருந்துச் செலவு, சாய்ந்த வயலில் அறுவடை இயந்திரத்துக்குக் கூடுதல் நேரம், உதிர்ந்த நெல் என்று அந்த மூட்டைக்காக எத்தனை முறை பணம் கட்டுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள்.

களைக்கொல்லியில் இடைவெளி இன்னும் பெரிது. நட்ட மூன்றாம் நாள் இடும் பியூட்டாகுளோர் 50 ஈ.சி. எக்டேருக்கு 2.5 லிட்டர். அதாவது ஏக்கருக்கு 1 லிட்டர். 33 சென்ட்டுக்கு 330 மில்லி. டப்பாவில் எக்டேர் அளவு அச்சிட்டிருக்கும். அதை ஏக்கர் என்று படித்தால் இரண்டரை மடங்கு மருந்து விழும், பயிர் வாடும். குறைந்தால் என்ன ஆகும் என்பதை முதலில் சொன்னவரின் வயலே காட்டியது.

பரிந்துரை எழுதும் நாங்களும் இந்தக் குழப்பத்துக்குக் காரணம்தான். 'ஓர் எக்டேர் நடவுக்கு 20 சென்ட் நாற்றங்கால்' என்று எழுதுகிறோம். ஒரே வரியில் எக்டேரும் சென்ட்டும். 20 சென்ட் நாற்று ஓர் ஏக்கருக்கு என்று படித்துவிட்டு, மிஞ்சிய நாற்றை வரப்பில் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏக்கருக்கு 8 சென்ட் நாற்றங்கால் போதும்.

மகசூல் பேச்சிலும் இதே கதை. ஒருவர் நூறு குழியில் 900 கிலோ எடுத்தேன் என்கிறார். 12 அடிக் கோல் என்றால் அது ஏக்கருக்கு 2,720 கிலோ, நல்ல விளைச்சல். 16 அடிக் கோல் என்றால் ஏக்கருக்கு 1,530 கிலோ. ஏதோ குறை இருக்கிறது, மண்ணையும் ரகத்தையும் பார்க்க வேண்டும். கோலைக் கேட்காமல் பக்கத்து மாவட்டத்துக்காரர் சொன்ன மகசூலை நம்பி ரகத்தை மாற்றாதீர்கள்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியது

கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை நம்பி 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. அந்தத் தண்ணீருக்கு அடிப்படையான பத்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் இடையே எழுதப்பட்ட குத்தகைப் பத்திரத்தில் 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய், மொத்தம் 40,000 ரூபாய் என்று இருக்கிறது. 1970-ல் அது ஏக்கருக்கு 30 ரூபாய் என்று திருத்தப்பட்டது. அணையைப் பற்றி எத்தனையோ வழக்குகள் நடந்தன. ஆனாலும் எந்த அளவுக்கு என்ன தொகை என்பதில் இரு தரப்பும் ஒரே பொருள் கொள்ள முடிந்தது. 84 ஆண்டு கழித்துத் தொகையை மாற்றியபோதும் அதே ஏக்கரில்தான் மாற்றினார்கள்.

நம் குத்தகையோ பெரும்பாலும் வாய்ச்சொல். "நூறு குழி, போகத்துக்கு இத்தனை மூட்டை" என்று முடிந்துவிடுகிறது. நிலக்காரர் ஒரு கோலையும் குத்தகைக்காரர் வேறு கோலையும் மனதில் வைத்திருந்தால், வெள்ளாமை நன்றாக இருக்கும் வரை தெரியாது. மகசூல் குறைந்த வருடம்தான் தகராறு வரும். ஒரு தாளிலாவது எழுதிக்கொள்ளுங்கள்: சர்வே எண், உட்பிரிவு, எத்தனை ஏர், எத்தனை சென்ட், ஊர்க் கணக்கில் எத்தனை குழி. மூன்றும் ஒரே வரியில் இருக்கட்டும். வெளியூர் நடவுக் குழுவுக்குக் குழிக் கணக்கில் கூலி பேசும்போதும் வயலைக் காட்டிச் சென்ட்டில் பேசுங்கள். உழைத்தவர் கூலி குறைந்துவிட்டது என்று மனம் வருந்திப் போவதும், நாம் கூடுதலாகக் கொடுத்துவிட்டோம் என்று நினைப்பதும் இதனால் தவிரும்.

நீங்களே அளப்பது எப்படி?

நூறு அடி நாடாவும் இரண்டு ஆட்களும் போதும். வயல் நேர்ச் சதுரமாகவோ நீள்சதுரமாகவோ இருந்தால் நீளத்தை அகலத்தால் பெருக்கி 435.6-ஆல் வகுத்தால் சென்ட் வரும். கோணலான நாலு பக்க வயலில் எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கிப் பெருக்கும் பழக்கம் உண்டு. அது எப்போதும் உண்மையான பரப்பைவிடக் கூடுதலாகவே காட்டும்.

சரியான வழி இது. ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு நாடா பிடியுங்கள். அது குறுக்குக் கோடு. மற்ற இரண்டு மூலைகளிலிருந்தும் அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக அளங்கள். அந்த இரண்டு அளவையும் கூட்டி, குறுக்குக் கோட்டால் பெருக்கி, பாதியாக்குங்கள். குறுக்குக் கோடு 210 அடி, செங்குத்துகள் 70 அடி, 65 அடி என்றால் 135 × 210 ÷ 2 = 14,175 சதுர அடி; 32.5 சென்ட்.

வாழை, திராட்சைத் தோட்டத்தில் நாடாவே வேண்டாம், மரத்தை எண்ணலாம். 1.8 மீட்டருக்கு 1.8 மீட்டர் நட்ட வாழையில் ஒரு மரத்துக்கு 3.24 சதுர மீட்டர். ஆயிரம் வாழை என்றால் 32.4 ஏர், 80 சென்ட். 3 மீட்டருக்கு 2 மீட்டர் நட்ட பன்னீர் திராட்சையில் 500 கொடி என்றால் 30 ஏர், 74 சென்ட்.

செல்போன் செயலியில் வரப்பைச் சுற்றி நடந்து அளப்பதும் இப்போது வழக்கமாகிவிட்டது. பெரிய நிலத்துக்கு அது பரவாயில்லை. சின்ன வயலுக்கு நம்ப வேண்டாம். ஒவ்வொரு பக்கமும் 3 மீட்டர் கூடுதலாகக் காட்டினால் பத்து ஏக்கர் சதுரத்தில் பிழை 3 சதவீதம். 33 சென்ட் சதுரத்தில் 17 சதவீதம்.

அளந்தது பட்டாவோடு சற்று ஒத்துப்போகவில்லை என்றால் பதற வேண்டாம். பட்டாப் பரப்பில் வரப்பும் வாய்க்காலும் களமும் அடங்கும். நீங்கள் அளந்தது நட்ட பரப்பாக இருக்கலாம். உரமும் மருந்தும் நட்ட பரப்புக்கே. வித்தியாசம் பெரிதாக இருந்தால் புலப்படம் வாங்கி ஒப்பிடுங்கள். தேவைப்பட்டால் நில அளவைக்கு மனுக் கொடுங்கள்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு

குழியை விட்டுவிடச் சொல்லி யாரையும் வற்புறுத்த வேண்டாம். விவசாயி தன் வயலைக் குழியில்தான் நினைக்கிறார். தண்ணீர் முறையும் கூலியும் அதில்தான் ஓடுகின்றன. நாம்தான் அவர் மொழிக்கு வர வேண்டும். உங்கள் பொறுப்பில் உள்ள ஒவ்வொரு ஊரிலும் கோல் எத்தனை அடி என்று கேட்டு, அளந்து சரிபார்த்து, குறிப்பேட்டில் எழுதுங்கள். பரிந்துரைச் சீட்டில் எக்டேருக்கு எவ்வளவு என்பதோடு ஏக்கருக்கு எவ்வளவு, இந்த ஊர் நூறு குழிக்கு எவ்வளவு என்று மூன்று வரி எழுதிக் கொடுங்கள். கூட்டத்தில் மகசூல் விவரம் கேட்கும்போது முதல் கேள்வியாகக் கோலைக் கேளுங்கள். உரக்கடைக்காரர்களிடமும் இந்தக் கணக்கை ஒட்டச் சொல்லலாம். களை சாகவில்லை என்று முதலில் திட்டு வாங்குபவர் அவர்தான்.

விவசாயிகள் இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். பட்டா நகலை எடுத்து, ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் எதிரே சென்ட்டையும் குழியையும் பேனாவால் எழுதுங்கள். ஏரை 2.47-ஆல் பெருக்கினால் சென்ட். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களையே போடச் சொல்லுங்கள். அடுத்த முறை மருந்து வாங்கப் போகும்போது அந்தத் தாளையும் கையோடு கொண்டு போங்கள்.

(கட்டுரையாளர் உழவியல் துறை வேளாண் விஞ்ஞானி)